பழைய காரின் பெல்ட் கத்துகிறதா? இறுக்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பழைய காரில் ‘கீச்’ என்று சத்தம் கேட்டால் நம் பக்கத்தில் மூன்று வைத்தியம் வழக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் பாகங்களைச் சுழற்றும் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவது, அதில் சவர்க்காரம் தேய்ப்பது, இரண்டுக்கும் அடங்கவில்லை என்றால், அந்தப் பெல்ட்டில் சுழன்று கரண்ட் கொடுத்துப் பேட்டரியை நிரப்பும் அல்டர்னேட்டரையே மாற்றிவிடுவது. மூன்றிலும் அன்றைக்குச் சத்தம் நின்றுவிடக்கூடும். பிறகு திரும்ப வரும். சில நேரம் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) போன செலவையும் கூட்டிக்கொண்டு வரும். சத்தம் எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று கேட்காமலேயே ஸ்பானரைக் கையில் எடுப்பதுதான் இதற்குக் காரணம். பட்டறைக்கு வருகிறவர், “அண்ணே, காலையிலதான்ணே கத்துது, அப்புறம் நின்னுடுது” என்று சொன்னால், பாதி நோயை அவரே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். “ஏர்கோண்ட் போட்டா கத்துதா தம்பி? ஸ்டீரிங்கைத் திருப்புனா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் மீதியும் கிடைத்துவிடும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங், ஜாலோங், லாசா என்று உள்ளே போகப் போகப் பழைய கார்கள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. புரோட்டோனின் 1985-இல் வந்த சாகா, 1992-இல் ஈஸ்வாரா, 1993-இல் வீரா, பெரோடுவாவின் 1994-இல் வந்த கஞ்சில். இவற்றில் பெல்ட் வேலை செய்வது சுலபம். பானட்டைத் திறந்தால் பெல்ட் கண்ணில் படும், கையும் போகும். சிரமம் கொடுப்பது சுற்றுப்புறம்தான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் முன்னால் ஒரு லோரி போனால் கிளம்பும் தூசி முழுவதும் எஞ்சின் மேல் இறங்குகிறது. சாயங்காலம் மழை, விடியற்காலையில் ஈரக்காற்று. தூசியும் ஈரமும் சேர்ந்து பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு, உப்புத்தாள் போல பெல்ட்டையும் இரும்பையும் சேர்த்தே தேய்க்கின்றன. போதாததற்கு நம் நாட்டு வெக்கையில் ரப்பர் சீக்கிரம் இறுகிப் பளபளப்பாகிவிடும். அதனால் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி இங்கே பெல்ட்டை விட்டுவைக்க முடியாது.

முதலில் பெல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிய வேண்டும். பழைய வி-பெல்ட் தன் இரண்டு பக்கச் சரிவாலும் புல்லியைக் கவ்விப் பிடிக்கிறது. அதன் அடிப்பாகம் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மயிரளவு மேலாகவோ நிற்க வேண்டும். உள்ளே அமுங்கிப் போயிருந்தால் ஒன்று பெல்ட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் புல்லியின் சுவர் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிப் பள்ளத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இரும்பு கண்ணாடியாக மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது. அந்தப் புல்லியில் புது பெல்ட் போட்டாலும் கத்தும், எவ்வளவு இறுக்கினாலும் கத்தும். பட்டறைகளில் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

சறுக்கல் ஏன் பெரும்பாலும் அல்டர்னேட்டரில் ஆரம்பிக்கிறது? அதன் புல்லி சிறியது, பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் வளைவும் குறைவு. எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல வேண்டிய பாகமும் அதுதான். 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் கொடுத்தால் 840 வாட். அல்டர்னேட்டரின் திறன் சுமார் 55 முதல் 60 சதவீதம் என்பதால், அந்த 840 வாட்டை எடுக்க பெல்ட் ஏறக்குறைய 1.5 கிலோவாட், அதாவது இரண்டு குதிரைசக்தியை இழுத்துக் கொடுக்க வேண்டும். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு புல்லியில் நடக்கிற வேலை இது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், ஈரமாக இருந்தாலும் அங்கேதான் முதலில் சறுக்கும்.

இனி நேரத்தைக் கவனிப்போம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கத்திவிட்டு நின்றால், ஈரமும் லேசான தளர்ச்சியும்தான். மழையில் தேங்கிய தண்ணீரில் போய் வந்த பிறகு ஒரு நிமிடம் கத்தினாலும் பயப்பட ஒன்றுமில்லை. கத்தல் நிமிடக் கணக்கில் நீண்டு, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து நின்றால், பெல்ட்டைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். வலுவிழந்த பேட்டரி ஸ்டார்ட் ஆனதும் அல்டர்னேட்டரிலிருந்து பெரிய கரண்டை இழுக்கும். சுமை தாங்காமல் பெல்ட் சறுக்கும். பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் சுமை குறைந்து சத்தம் அடங்கும். இந்தக் காரில் பெல்ட்டை இறுக்கினால் சத்தம் மறையும், பேட்டரியின் குறை மறைவிலேயே வளரும்.

ஏர்கோண்ட் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கும் அதே கணத்தில் கத்தினால் ஏர்கோண்ட் பெல்ட். ஸ்டீரிங்கை நின்ற இடத்தில் முழுதாகத் திருப்பும்போது கத்தினால் பவர் ஸ்டீரிங் பெல்ட். ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், புளோவர் மூன்றையும் போட்டதும் கத்தினால் அல்டர்னேட்டர் பெல்ட். பழைய கார்களில் இவை தனித்தனி பெல்ட்டாக இருப்பது நமக்கு வசதி. எது கத்துகிறது என்று சுவிட்சை வைத்தே பிரித்துவிடலாம். ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும் காரில் இந்தச் சோதனை சுமை எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுமே தவிர, குறை எங்கே என்று காட்டாது.

சத்தத்தின் தன்மையும் முக்கியம். நீளமாக இழுத்துக் கத்துவது சறுக்கல். சிட்டுக்குருவி கத்துவதைப் போல ‘கிச் கிச் கிச்’ என்று விட்டுவிட்டு வந்து, ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) தெளிவாகக் கேட்டு, வேகம் கூடினால் கரைந்துபோவது புல்லி நேர்கோட்டில் இல்லாததன் அடையாளம். ‘கிர்ர்ர்’ என்று அரைக்கிற சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பேரிங். கிரீஸ் காய்ந்த பேரிங் காலையில் பெல்ட் மாதிரியே கீச்சிட்டுவிட்டு, சூடு ஏறியதும் அமைதியாகிவிடும். காதை மட்டும் நம்பி இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்குத்தான் தண்ணீர் சோதனை.

சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன ஸ்பிரே போத்தலில் சாதாரணத் தண்ணீர் போதும். எஞ்சின் ஐடிலில் ஓட, சத்தம் வரும்போது பெல்ட்டின் உள்முகத்தில், அதாவது புல்லியைத் தொடும் பக்கத்தில், இரண்டு மூன்று முறை அடியுங்கள். அல்டர்னேட்டர் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் தண்ணீர் படக்கூடாது. பல பெல்ட் இருந்தால் ஒவ்வொன்றாக அடித்து இடைவெளி விட்டுக் கேளுங்கள். தண்ணீர் பட்டதும் கத்தல் இன்னும் கூடினால் இழுவிசை போதவில்லை, அல்லது பெல்ட் பளபளத்துப் போயிருக்கிறது. சட்டென்று நின்று, தண்ணீர் காய்ந்ததும் பழையபடி ‘கிச் கிச்’ என்று ஆரம்பித்தால் புல்லியின் நேர்கோடு. தண்ணீர் பட்டும் படாமலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் பெல்ட்டை விட்டுவிடுங்கள், குற்றவாளி ஏதோ ஒரு பேரிங். இதைச் செய்யும்போது தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அவிழ்த்த கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் காற்றாடி சொல்லாமல் கொள்ளாமல் சுழல ஆரம்பிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு, பெல்ட்டைக் கண்ணால் பாருங்கள். வி-பெல்ட்டைப் பிடித்துத் திருப்பிப் பக்கச் சுவரைத் தடவினால், நல்ல பெல்ட் பளபளப்பில்லாமல், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் அதன் காலம் முடிந்தது. வரிவரியாக இருக்கும் பிகே பெல்ட் பழைய நியோப்ரீன் ரப்பராக இருந்தால், ஒரே வரியில் 7, 8 சென்டிமீட்டருக்குள் மூன்று வெடிப்பு தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். இது சுலபத்தில் வெடிக்காது, டயர் தேய்வதைப் போலத் தேயும். வெடிப்பே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. வரிகளுக்கு இடையிலான பள்ளம் புது பெல்ட்டில் இருப்பதைவிட அகலமாகி, புல்லியின் மேடு உள்ளே வரைக்கும் போய் முட்டினால் அதுவும் சறுக்கும். பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை.

பெல்ட் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசியும் எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீரிங் எண்ணெய், வாட்டர் பம்ப்பின் சின்னத் துளையிலிருந்து சொட்டும் கூலண்ட், மூன்றுமே பெல்ட்டைக் கத்த வைக்கும். கூலண்ட் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடம் இருக்கும். எண்ணெயில் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் போடுவதில் அர்த்தமில்லை, ரப்பர் ஏற்கெனவே உப்பியிருக்கும். கசிவை அடைத்து, புல்லிகளைத் துடைத்த பிறகே புது பெல்ட். கசிவை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் அந்தக் காசு வீண்.

நேர்கோட்டைப் பார்க்க நேரான இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். எஞ்சின் தண்டின் நுனியில் இருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து அல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டுங்கள். 30 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 1.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. விலகியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். ரீகான் (பழையதைப் புதுப்பித்த) அல்டர்னேட்டர் மாட்டிய காரில் இது அடிக்கடி வரும். கூட்டின் காது, அதாவது போல்ட் மாட்டும் துளையுள்ள பகுதி, கொஞ்சம் வேறு அளவாக இருக்கும், அல்லது பழைய வாஷர் ஒன்றைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள். கீழே அல்டர்னேட்டர் தொங்கும் நீளப் போல்ட்டின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிப் போனாலும், பெல்ட் இழுக்கும்போது அல்டர்னேட்டர் சாய்ந்துவிடும். கிராங்க் புல்லியையும் மறக்கக் கூடாது. பல எஞ்சின்களில் அதன் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் இருக்கும். அது விட்டுப்போனால் வெளி வளையம் ஆடும், சில நேரம் தனியாக நழுவும். இரண்டு வளையத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புல்லியை மாற்றாமல் எந்த பெல்ட்டும் நிம்மதியாக ஓடாது.

பேரிங் என்று சந்தேகம் வந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைப் போடுங்கள். சத்தம் போய்விட்டால் பெல்ட் சுற்றும் பாகங்களில் ஒன்றுதான், இருந்தால் எஞ்சினுக்குள் தேட வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பும் இந்தப் பெல்ட்டில்தான் சுழல்கிறது, தண்ணீர் ஓட்டம் இல்லாமல் நேரம் போனால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு ஆபத்து. பிறகு எஞ்சினை அணைத்து ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். நல்ல அல்டர்னேட்டர் சத்தமில்லாமல் ஒன்றிரண்டு சுற்று ஓடி நிற்கும். பேரிங் போனது விரல் நுனிக்கு மணல் அரைபடுவது போலத் தெரியும், புல்லியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டமும் தெரியும். பெல்ட் மாட்டியிருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டுமானால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அல்டர்னேட்டர் கூட்டில் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். வாட்டர் பம்ப், ஏர்கோண்ட் கம்ப்ரெசர் என்று ஒவ்வொன்றிலும் கேட்டு ஒப்பிட்டால் எது அரைக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் செய்யும் வேலை, கவனம் சிதறக் கூடாது.

பேரிங் மட்டும் போயிருந்தால் முழு அல்டர்னேட்டரையும் மாற்றத் தேவையில்லை. வயரிங் கடையில் கழற்றி இரண்டு பேரிங்கும் கார்பன் பிரஷ்ஷும் போட்டுக் கொடுப்பார்கள். பழைய பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 6303 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, செம்மண் பாதையில் ஓடும் காருக்கு இதுதான் நல்லது. சி3 என்று இருந்தால் சூட்டில் விரிவதற்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடம் விட்ட பேரிங். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேட்டு வாங்குங்கள்.

அல்டர்னேட்டரின் மின் பக்கத்தைப் பார்க்க மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5. எல்லா விளக்கும் ஏர்கோண்டும் போட்டு எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது 13.2-க்குக் கீழே போனால் சறுக்கலோ அல்டர்னேட்டரோ, இரண்டில் ஒன்று. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனையிலேயே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் வரை போனால், ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோட் போயிருக்கலாம். அப்படிப்பட்ட அல்டர்னேட்டர் ஓடும்போது ரீங்காரம் மாதிரி ஒரு முனகல் கேட்கும், ரேடியோவிலும் அது வரும். அதைப் பேரிங் சத்தம் என்று நினைத்துக் கழற்றுபவர்கள் உண்டு. ஒரு வேண்டுகோள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, கார் நிற்கிறதா ஓடுகிறதா என்று சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் டயோடையும், பெட்ரோல் இஞ்செக்‌ஷன் காராக இருந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

பெல்ட் வாங்கும்போது பழையதன் முதுகில் இருக்கும் எண்ணைக் காட்டுங்கள். 4பிகே885 என்றால் நான்கு வரி, 885 மில்லிமீட்டர் நீளம். கொஞ்சம் நீளமானதைப் போட்டு அட்ஜஸ்டரைக் கடைசி வரை இழுத்துச் சமாளித்தால், அடுத்த முறை இறுக்க இடமே இருக்காது.

மாட்டும் முறை இதுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், 10 ஸ்பானர். அல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் தடித்த வயர் எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கும், ஸ்பானர் அதில் பட்டால் தீப்பொறி நிச்சயம். அடுத்து கீழே இருக்கும் நீளப் போல்ட், மேலே இருக்கும் லாக் போல்ட், இரண்டையும் தளர்த்துங்கள். பெரும்பாலும் 12 அல்லது 14 ஸ்பானர். மேலே மட்டும் தளர்த்திவிட்டு அட்ஜஸ்ட் போல்ட்டை முறுக்குவதால்தான் பல கார்களில் அலுமினியக் காது உடைந்து கிடக்கிறது. புல்லிகளின் பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, செம்மண் பிசிறு ஒன்றும் இல்லாமல் செய்த பிறகு பெல்ட்டைப் போடுங்கள். பிகே பெல்ட்டாக இருந்தால் ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி தள்ளி மாட்டினால் சில கிலோமீட்டரில் கிழிந்துவிடும்.

இழுவிசைக்கு, இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான பகுதியில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ பலத்தில் அழுத்தினால் வி-பெல்ட் 8 முதல் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. அட்ஜஸ்ட் போல்ட் இல்லாத கார்களில் அல்டர்னேட்டரை நெம்ப வேண்டியிருக்கும். இரும்புக் கம்பியை நேராக அலுமினியக் கூட்டின் நடுவில் வைக்காதீர்கள், ஒரு மரக்கட்டையை முன்பக்கப் பிராக்கெட்டில் முட்டுக் கொடுத்து நெம்புங்கள். கத்துகிறதே என்று கம்பியாக விறைக்கும் வரை இறுக்கினால் அந்த இழுவை முழுதும் அல்டர்னேட்டரின் முன் பேரிங்கிலும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும் விழும். பெல்ட் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை வாட்டர் பம்ப் வரை போவது இப்படித்தான்.

சவர்க்காரம், மெழுகுவர்த்தி, பவுடர், பெல்ட்டுக்கென்றே விற்கும் ஸ்பிரே எதையும் தடவ வேண்டாம். பசைத்தன்மை உள்ளது எதுவாக இருந்தாலும் தோட்டத்துத் தூசியை இழுத்துப் பிடித்துப் பள்ளத்தில் அடைக்கும். டபிள்யூடி-40 அடித்தால் சத்தம் அடங்குவது உண்மைதான். எண்ணெய் வழுக்கலில் சத்தமில்லாமல் சறுக்குகிறது, அவ்வளவே. ரப்பரும் கெடும், பேட்டரியும் நிரம்பாது.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீண்டு உட்காரும். மாட்டிய பிறகு பத்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஆறியதும் ஒருமுறை அழுத்திப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு 500 கிலோமீட்டர் போல ஓடியதும் இன்னொரு முறை. புது பெல்ட் போட்ட பிறகும் கத்துகிறது என்று திரும்ப வரும் கார்களில் பல இந்த இரண்டாவது இறுக்கம் செய்யாதவை.

சத்தத்தோடு சிவப்பு பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்தால், அல்லது ரப்பர் கருகும் வாடை வந்தால், தள்ளிப்போட வேண்டாம். பேரிங் இறுகி அல்டர்னேட்டர் நின்றுபோனால் பெல்ட் புகைந்து அறுந்துவிடும். அதே பெல்ட்டில் வாட்டர் பம்ப் இருக்கும் கார் என்றால் வெப்ப முள் ஏறத் தொடங்கும், உடனே ஓரம் கட்டி அணைப்பதைத் தவிர வழியில்லை. வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டில் இல்லாமல், மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டில் சுழலும் கார் என்றால், ஏர்கோண்டையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு, பகலில் பேட்டரியில் இருக்கும் கரண்டை வைத்தே பக்கத்துப் பட்டணம் வரை போய்விடலாம். உங்கள் கார் இதில் எந்த வகை என்பதை வீட்டு வாசலில் நிற்கும்போதே பானட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போன் லைன் எடுக்காத தோட்டப் பாதையில், இருட்டில் கண்டுபிடிக்கும் விஷயம் இல்லை அது. மாற்றிய பழைய பெல்ட் அறுந்துபோகாமல் இருந்தால் தூக்கி எறியாமல், 10, 12, 14 ஸ்பானரோடும் ஒரு டார்ச்சோடும் பின்பெட்டியில் வைத்திருங்கள். மடித்து நசுக்காமல் வளையமாகவே ஒரு பையில் போட்டு வைத்தால் அவசரத்துக்கு வீடு வந்து சேரும் வரை தாங்கும்.